பத்தொன்பது நிமிடத்தில் யாரும் சாகவில்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சரியாகச் சொன்னால், எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்த நான்கு பக்க அறிக்கையிலிருந்து. சனிக்கிழமை காலை காபிக் கோப்பையை வைக்க இடம் தேடி அதை நகர்த்தினேன். கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. 'காரணம்: புள்ளிவிவர புரோகிராம் தவறான இடத்தில் எழுதியது. பொறுப்பு:' என்று அச்சிட்டு, எதிரே அக்காவின் பெயர். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திங்கள் காலை பத்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் அக்காவுக்கு வேலை இருக்கும். ஆனால் ஆறு வருடமாக அவள் எழுதி வளர்த்த புரோகிராமை இனிமேல் தொடவிட மாட்டார்கள். போடாவிட்டால் வேலையே இருக்காது.

இதைக் கதையாக எழுதலாமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

'பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த நகரத்தில், தொலைபேசிகள் ஒவ்வொன்றாக மௌனமாகின. ஜன்னலருகே நின்றிருந்த பெண், தன் கையுறையைக் கழற்றி'

(விட்டுவிட்டேன். தொலைபேசிகள் நின்ற அன்று பனி இல்லை. புதன்கிழமை, பதினொரு மணி வெயில். அக்கா வாழ்நாளில் கையுறை போட்டதில்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து பனி தானாகவே கசிந்து வந்துவிடுகிறது.)

'ஒரு நிறுவனம் பொய் சொல்ல முடிவு செய்துவிட்டால், அது முதலில் செய்வது'

(இதையும் விட்டுவிட்டேன். அறிக்கையில் பொய்யே இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். ஒவ்வொரு வரியும் உண்மை.)

3

என்ன நடந்தது என்று அக்காவைத்தான் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் நிறுவனத்தின் இயந்திரங்கள் ஒரு நகரத்தின் தொலைபேசிப் பேச்சுகளைக் கடத்துகின்றன. ஒரு நொடிக்குள் பல லட்சம் துண்டுகள் வந்து விழும். சாதாரணமாக ஒரு கணினியில் ஓடும் புரோகிராம்களுக்கு நடுவே சுவர் உண்டு. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. எதையாவது கொடுக்க வேண்டும் என்றால் நகல் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் நகல் எடுக்க நேரம் கிடையாது. அதனால் சுவரை வேண்டுமென்றே இடித்துவிடுகிறார்கள். முதல் புரோகிராம் நினைவகத்தில் ஒரு பெரிய கூடத்தை விரிக்கிறது. மற்றவை வந்து அதிலேயே உட்கார்ந்துகொள்கின்றன. யாரும் எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

"நம்ம அடுக்களை மாதிரிடி. முதல் டப்பா டீத்தூள், ரெண்டாவது சர்க்கரை, மூணாவது உப்பு. மூடியில எதுவும் எழுதல. நீயும் பாக்காமத்தான் எடுக்கிற, நானும் பாக்காமத்தான் எடுக்கிறேன். நான் கடையிலேர்ந்து உப்பு வாங்கிட்டு வந்தா நேரா மூணாவதுல கொட்டுவேன்."

"சரி."

"நீ என்கிட்ட சொல்லாம டீத்தூளுக்குப் பக்கத்துல புதுசா ஒரு டப்பாவை நுழைச்சுட்டேன்னு வை. இப்ப மூணாவது எது?"

"சர்க்கரை."

"நான் எதுல உப்பைக் கொட்டுவேன்?"

அவ்வளவுதான். அவளுடைய குழுத்தலைவர் முதல் புரோகிராமின் அடுக்கில் நடுவே ஒரு புதிய எண்ணுக்கு எட்டு பைட் இடம் செருகினார். அந்த முதல் புரோகிராமை மட்டும் புதிதாக உருவாக்கி இயக்கினார். வந்து விழும் துண்டுகளை எண்ணிக் கணக்கு வைக்கும் அக்காவின் புரோகிராமுக்கு விஷயம் தெரியாது. ஆறு வருடமாக எந்த இடத்தில் எண்ணிக்கையை எழுதியதோ அதே இடத்தில் எழுதியது. அங்கே இப்போது இருந்ததோ, அடுத்த துண்டை எங்கே வைப்பது என்று சொல்லும் முகவரி. முதல் புரோகிராம் அந்த எண்ணிக்கையை முகவரி என்று நம்பிப் போய், செயலிழந்து விழுந்தது. தானாக எழுந்தது. அக்காவின் புரோகிராமும் தானாக வந்து இணைந்து, கடமை தவறாமல் மறுபடி எழுதியது. மறுபடி விழுந்தது. இப்படிப் பத்தொன்பது நிமிடம் நகரத்தில் பேச்சுகள் அறுந்துகொண்டே இருந்தன.

கடைசியில் யாரோ அக்காவின் புரோகிராமை நிறுத்தினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது. ஆகவே காரணம் அதுதான். அறிக்கையின் இரண்டாம் பக்கம் இதை 'நிரூபணம்' என்கிறது.

4

குழுத்தலைவருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் 'ஆல்ரெடி'. எதைக் கேட்டாலும் ஆல்ரெடி சொல்லிவிட்டதாகச் சொல்வார். விசாரணைக் கூட்டத்தை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள்.

"உன் புரோகிராம்தானேம்மா அந்த இடத்துல எழுதுச்சு? ஆமாவா, இல்லையா?"

"ஆமா சார். ஆனா செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது என் இடம்."

"நான்தான் ஆல்ரெடி சொன்னேனே, புதுசா ஒண்ணு சேர்க்கிறோம்னு."

"எங்க சார் சொன்னீங்க?"

"மீட்டிங்ல."

"எந்த மீட்டிங்ல?"

"நீ லீவுல இருந்தியே, அந்த மீட்டிங்ல."

யாரோ சிரித்தார்களாம். யார் என்று அவள் சொல்லவில்லை.

(அந்த லீவு எனக்காக. கடைவாய்ப் பல் பிடுங்க என்னை அழைத்துப் போயிருந்தாள். இந்த அடைப்புக்குறிக்குள் வர எனக்கு நான்கு வரைவுகள் ஆயின.)

ஆல்ரெடியை ஒற்றைப் பரிமாணத்தில் எழுதுகிறேனோ என்ற சந்தேகம் வந்தது. நல்ல நாவல்கள் அப்படிச் செய்வதில்லை. அதனால் அவர் மகளின் பள்ளிவிழாவுக்குப் போக முடியாமல் காருக்குள் உட்கார்ந்து கண் கலங்குவதாக ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. அழித்துவிட்டேன். நான்கு பக்க அறிக்கையில் அக்காவுக்கு யாராவது ஒரு பத்தி கொடுத்தார்களா?

அவர் நகர்த்தியது ஒரு டப்பா. (டப்பா விஷயத்தை 2ஆம் பகுதியில் பார்க்கவும்.)

5

பார்த்தீர்களா? 2ஆம் பகுதியில் டப்பா இல்லை, பனி இருக்கிறது. நான் அந்தக் குறிப்பை எழுதியபோது டப்பா அங்கேதான் இருந்தது. பிறகு, தொடங்கிப் பார்த்தவற்றை முன்னால் செருகினேன். டப்பா 3ஆம் பகுதிக்கு நகர்ந்துவிட்டது. குறிப்பைத் திருத்தவில்லை.

நீங்கள் தவறான இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று நான் உங்கள் பெயரை அச்சிட்டுக் கையெழுத்துக் கேட்டால் எப்படி இருக்கும்?

6

ஞாயிறு காலை இந்தப் பகுதியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அப்போது இதில் ஒரு முதியவர் இருந்தார். தனியாக வாழ்பவர். மார்பைப் பிடித்துக்கொண்டு மகனுக்குத் தொலைபேசியில் எண்களை அழுத்துவார். பதினோராவது நிமிடத்தில் அவர் கையிலிருந்து ரிசீவர் நழுவும்.

அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு இது?"

"கற்பனைதான்க்கா."

"யாரும் சாகலடி. அவசர அழைப்பெல்லாம் வேற வழியில போகும். அது பாட்டுக்குப் போச்சு. அன்னைக்கே நான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன்."

"தெரியும். ஆனா படிக்கிறவங்களுக்குக் கோபம் வரணும்ல?"

"என்னைப் பாத்தா வராதா?"

கையிலிருந்த தாளைத் திருப்பி அடுத்த வரியைத் தேடினேன்.

"உன் புக்குல எவனாவது இருமி இருமிச் செத்தாத்தான் நீ அழுவே. நான் வேணா இருமட்டுமா?"

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? அந்தக் கிழவரை நீ சாகடிச்சா, யாரால செத்தாருன்னு கேப்பாங்க. பொறுப்புங்கிற இடத்துல யார் பேரு இருக்கு?"

ஒரு சுளையைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஆல்ரெடி மேல் இருந்த கோபம் முழுவதும் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் வாழ்க்கையில், அவளைக் கேட்காமல், ஒரு பிணத்தை நான் செருகியிருந்தேன்.

முதியவரை அழித்துவிட்டேன். நீங்கள் அவருக்காகக் கோபப்படத் தயாராக இருந்திருந்தால், அந்தக் கோபம் இப்போது எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் அவளுக்கு வேறு நாற்காலி. அவளுடைய புரோகிராமை வேறு யாரோ திறந்து

இரண்டு: அறிக்கையைக் கிழித்து ஆல்ரெடியின் மேசையில் வீசுகிறாள். (எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. அவளுக்கு அது நகலெடுத்த காகிதம். அவரிடம் இன்னொன்று இருக்கும்.)

மூன்று: ஆல்ரெடி மனம் திருந்துகிறார். (என் கதையில் நடக்காது.)

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் நீட்டுவதாகத்தான் திட்டம். அப்படி முடியும் கதைகள் எனக்குப் பிடிக்கும். இப்போது மாட்டேன். இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி, ஆனால் அக்காவின் பெயருக்குக் கீழே அவளைக் கேட்காமல் எழுதியவர்கள் போதும். ஆல்ரெடி எழுதினார். நானும் எழுதினேன். நீங்கள் வேறு வேண்டாம்.

ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்தபோது, அக்கா மேசையைத் துடைத்து, அறிக்கையைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பேனா இருக்கா?"

என் பேனாவைக் கொடுத்தேன்.

"எழுது. நான் பாக்கல."

"பாத்தா அடி விழும். போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

கழுவினேன். துடைத்தேன். அடுக்கினேன். சிங்க்கையும் தேய்த்துவிட்டேன். அடுக்களை வாசலில் நின்று பார்த்தபோது, அவள் காகிதத்தின் பாதியைத் தாண்டி எழுதியிருந்தாள், தலை நிமிரவில்லை.

ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது.