அரை மாத்திரை

மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து, வெறும் வயிற்றோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். போன வருடம் நெஞ்சு பிடித்ததிலிருந்து இது நாலாவது தடவை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தருகிறார்கள். கூடவே, ஆய்வு என்று சொல்லி இரத்தமும் எடுக்கிறார்கள். இரத்தத்தில் ஏதோ ஒரு நொதி இருக்கிறதாம். அது கூடினவர்களுக்கு நெஞ்சுக் குழாய் கெடுவது அதிகமாம். மாத்திரை அதையும் குறைக்கிறதா என்று பார்க்கிறார்களாம். மூன்று தடவை எடுத்தார்கள். என்ன கண்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் எடுப்பதோடு சரி.

இன்று உள்ளே கூப்பிட்ட டாக்டர் சிவானுஜா இரத்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“லூக்காஸ் ஐயா, மத்தவங்களுக்கு அந்த நொதி நல்லா குறைஞ்சிருக்கு. உங்களுக்குக் கொஞ்சம்தான். மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?”

“காலி மாத்திரை அட்டைய எண்ணித்தானே வாங்குனீங்க?”

“எண்ணினோம். சரியா இருந்துச்சு.”

“முடிஞ்சுதான்னு கேட்டீங்க. முடிஞ்சுது. யாரு வாயில முடிஞ்சுதுன்னு கேக்கலியே.”

ஊசியோடு நின்ற மிஸ்ஸி நஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. சவர பிளேடால் தினமும் இரண்டாக வெட்டினேன். பாதி எனக்கு, பாதி என் பெண்சாதி மரியகொரட்டிக்கு. தோட்டத்துக்கு வந்த டாக்டர்மார் அவளுக்கும் கொழுப்பு கூடுதல் என்றார்கள், பதுளைக்குப் போ என்றார்கள். போனால் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போகும். கொழுந்து குறைந்தாலே அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளம் தருகிற தோட்டம் அது. லயத்தில் காய்ச்சல் மாத்திரையைக்கூட நாலு வீட்டுக்குப் பிரித்துப் பழகினவர்கள் நாங்கள். போன கிழமை அவள் மலையில் கூடையோடு மூச்சுமுட்டி உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் இன்று கூட்டி வந்தேன். கிளினிக் துண்டு இல்லை என்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “பெரிய பிழை ஐயா. நீங்க முழுசா போடுறதா நெனச்சு எல்லாம் பதிஞ்சிட்டோம். அவங்க ஈரல் எப்படி இருக்குன்னே தெரியாது. உங்கள ஆய்வுல இருந்து எடுக்கணும்.”

“எடுங்க. எனக்குரிய மாத்திரைய கிளினிக் தரும்தானே?”

“அது தரும்.”

“அப்ப அவளுக்கும் எழுதுங்க. எழுதாம இந்தக் கதிரைய விட்டு எந்திரிக்க மாட்டேன்.”

“பின்னால ஆள் நிக்குது.”

“நிக்கட்டும். நான் நாப்பது வருசம் விடியக்காலைல பெரட்டு வரிசைல நின்னவன்.”

வரிசையில் எவனோ, “பெருசு, சண்டைய வீட்டுல வச்சுக்க” என்றான். நான் திரும்பவில்லை.

“சும்மா எழுத ஏலாது ஐயா. அவங்க வரணும். வெறும் வயித்துல இரத்தம் பாக்கணும்.”

“வெளிய நிக்கிறா. நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்.”

டாக்டர் மேசை லாச்சியைத் திறந்து, அவள் பேர் எழுதப் புது கிளினிக் அட்டை ஒன்றை எடுத்தார்.

மிஸ்ஸி போய்க் கூப்பிட, கொரட்டி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்னத்த சொல்லித் தொலைச்சீங்க?”

“எல்லாத்தையும்.”

“இன்னைக்குப் பேர் போச்சு.”

“போகட்டும். கைய நீட்டு.”