லொரெட்டாவை எங்கே நிறுத்துவது

…சரி, எங்கேதான் நிறுத்துவது இந்தச் சனியனை? ஒன்பதரை மணியிலிருந்து நான்கு முறை வாசித்தாயிற்று, நான்கு முறையும் பாட்டு நிற்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு இவர்கள்தான் நின்றார்கள். லொரெட்டா பியானோவிலிருந்து கையை எடுத்துக் கறுப்புப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தேவாலயத்தின் அடித்தளக் கூடம், தெற்குப் பிலடெல்பியாவின் பாதிக் கல்யாணங்களையும் பாதிச் சாவுகளையும் பார்த்த கூடம், சமையலறைப் பக்கம் பெண்கள் சீஸ் போட்ட பாஸ்தாவை அலுமினியத் தட்டுகளில் அடுக்குகிறார்கள், பூண்டு வாசனை. பத்தரைக்கு மாடியில் கோயிலுக்குச் சவப்பெட்டி வந்துவிடும், பதினோரு மணிக்குப் பூசை, பிறகு கல்லறை, பிறகு நூற்றிருபது பேர் இங்கே சாப்பிட உட்காருவார்கள், அவர்கள் முன்னால் இவள் வாசிக்க இந்த இரண்டு கிழவர்களும் பாட வேண்டும், எதை, இவள் பெயரை வைத்த பாட்டை. பெட்டியில் வருகிறவன் ரொக்கோ, அந்தப் பாட்டைத் தட்டில் முன்னால் நின்று பாடியவன், ஒன்பது வருடம் இவளுக்குப் புருஷனாக இருந்தவன், பிறகு முப்பது வருடம் பெவர்லிக்கு. பெவர்லிதான் கேட்டாள், மறுக்க முடியவில்லை… ஏன் மறுக்க முடியவில்லை? பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தால் யோசிக்காமல் மறுத்திருப்பாள்.

பாட்டுக்கு முடிவே கிடையாது, அதுதான் சிக்கல். இசைத்தட்டில் கடைசி வரி திரும்பத் திரும்ப வரும், நான் நிற்பேன், முனையில் நிற்பேன், நீ வரும்வரை நிற்பேன், லொரெட்டா… நான் நிற்பேன், முனையில் நிற்பேன்… அப்படியே மெலிந்து மெலிந்து காணாமல் போகும். பாடிய நான்கு பையன்களும், ரொக்கோவும் இந்த இரண்டு கிழவர்களும் இன்னொருவனும், முடிக்கவில்லை, ஒலிப்பதிவுக்காரர் ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார், அவ்வளவுதான், அந்தப் பக்கம் அவர்கள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் பாதிக்கு மேல் அப்படித்தான், ரேடியோ அறிவிப்பாளருக்கு அது சௌகரியம், பாட்டு தேயத் தேய அதன் மேலேயே பேசிக்கொண்டு வந்துவிடலாம். சரி, மேடையில் எப்படி முடித்தார்கள்? மேடையில் இவர்கள் பாடியதே இல்லை. தீயணைப்பு நிலையத்துக் கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் வெள்ளிக்கிழமை நடனம், அறிவிப்பாளர் தட்டைச் சுழலவிடுவார், நான்கு பையன்களும் ஒரே மாதிரிக் கோட்டில் வாயை மட்டும் அசைப்பார்கள், ஒலி தேயும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டே போவார்கள், மிச்சத்தைப் பெண்களின் கூச்சல் மூடிவிடும். எட்டு மாதம் அப்படி, பிறகு அடுத்த தட்டு விற்கவில்லை, நன்ஸியோ கூரை வேலைக்குப் போனான், கார்மைன் முடிதிருத்தும் கடைக்கு. நாற்பத்தைந்து வருடமாகத் தங்கள் பேர் சொல்லும் ஒரே பாட்டு எப்படி முடிகிறது என்று பாடியவர்களுக்கே தெரியாது.

“‘தட்டுல வர்ற மாதிரியே கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம்’னு சொன்னது யாரு, நீதான?” என்று நன்ஸியோ கார்மைனைக் கேட்டான். “நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல இழுப்பு வந்த மாதிரி இருந்துச்சு. துக்க வீட்டுல வந்து நாமளே சாகுற மாதிரி பாடுனா சனங்க சாப்புடுவாங்களா?” கார்மைன் விடவில்லை, லொரெட்டா அவனுக்கு லோரி, “நீ நிறுத்துனாத்தானடா பாட்டு நிக்கும்? லோரி நிறுத்துறா, நான் நிறுத்துறேன், நீ மட்டும் பசுமாடு மாதிரி ‘நா…ன் நிற்பே…ன்’னு மறுபடி ஆரம்பிக்கிற.” “அது தானா வருதுடா, நானா பாடுறேன்?” அது உண்மைதான், தானாகத்தான் வருகிறது. மூன்றாம் முறை வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், ரயில் ஸ்டேஷனுக்குள் வருவது போல இருந்தது. நான்காம் முறை இவள் பாட்டின் மூன்றாம் கூட்டொலியிலிருந்து, அதாவது மூன்றாவது கார்டிலிருந்து, நேராக முதலாவதற்குத் தாவினாள், சுத்தமாக ஆமென் மாதிரி விழுந்தது, “அதை மேல சாமியார் பாத்துக்குவாரு, நீ எதுக்கு அவர் பொழப்புல கை வைக்கிற” என்றான் நன்ஸியோ.

நான்கே நான்கு கூட்டொலி, ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவாள், கொடுத்துமிருக்கிறாள். முதலாவது வீடு, மூன்று கட்டைகள், மூன்று விரல். இரண்டாவதற்குப் போக ஒரே ஒரு விரலை நகர்த்தினால் போதும், மற்ற இரண்டும் அங்கேயே இருக்கும், அதனால்தான் அது புது இடம் மாதிரி இல்லாமல், அதே வீட்டில் யாரோ விளக்கைத் தணித்தது மாதிரி இருக்கிறது. மூன்றாவதற்கும் ஒரே விரல்தான். ஆனால் நான்காவதற்குக் கை முழுக்க எழும்ப வேண்டும், மூன்று விரலும் இடம் மாறும், அதில் ஒரு விரல் வீட்டுக்கு ஒட்டினாற்போல அடுத்த கட்டையில், கதவைத் தொட்டுக்கொண்டு வெளியே நிற்கும், கேட்கிறவனுக்கு உள்ளே போயாக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். போனால்? போன இடம்தான் மறுபடி ஆரம்பம். செக்குமாடு. இதைத்தான் காதல் என்கிறார்கள், இதற்குத்தான் பெரிய மனிதர்கள் காரை ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்துகிறார்கள், தசையும் நரம்பும் மாதிரி ஒரு சாதாரண இழுவை, இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது? பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து கிடந்தபோது கூரை ஒலிபெருக்கியிலிருந்து இந்தப் பாட்டு வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது வந்தது. இறைச்சிக் கடை வரிசையில் முன்பின் தெரியாதவன் காசோலையில் இவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பாடினான், பின்னால் ஆறு பேர் கைதட்டினார்கள், வெட்டுக் கத்தி கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். மற்ற பாட்டெல்லாம் செத்துவிட்டன, இது ஏன் சாகவில்லை? முடிந்தால்தானே சாகும்.

இதில் வேடிக்கை, பாட்டில் வருகிற லொரெட்டா இவளே இல்லை. தட்டு வெளிவந்து ஆறு வாரம் கழித்துத்தான் ரொக்கோவையே பார்த்தாள், பதினேழு வயது, தீயணைப்பு நிலையத்து நடனம், உன் பேரென்ன என்றான், சொன்னாள், அவன் சிரித்த சிரிப்பு… ஓடிப்போய் அறிவிப்பாளரைக் கூட்டிவந்தான், அவர் புகைப்படக்காரரைக் கூட்டிவந்தார், மறுநாள் பத்திரிகையில் படம், ‘பாட்டின் நாயகி இதோ’. கல்யாணமான மூன்றாம் வாரம் கடற்கரையில் படகுத்துறையைக் காட்டினான், “அதோ பாத்தியா, பாட்டுக்குப் பேரு அங்கேர்ந்துதான் வந்துச்சு.” இசைத்தட்டுக் கம்பெனிக்காரரின் படகு, முப்பதடி நீளம், பின்பக்கத்தில் நீல எழுத்தில் ‘லொரெட்டா’. மூன்று அசை தேவைப்பட்டது, நடு அசையில் அழுத்தம் வர வேண்டும், படகு பொருந்தியது. அவன் சிரித்தான், இவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், அந்த லொரெட்டா நீங்களா என்று யார் கேட்டாலும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது இல்லை என்று சொன்னாளா? தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் போன பிறகும். பியானோ கற்கப் பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்களில் பாதிப் பேர் அந்தச் சாய்ந்த தலைக்காக வந்தவர்கள்தான். பாட்டை வெறுக்கிறாளாம். தீனி போட்டு வளர்த்தது யார்?

மாடிப்படியில் குதிகால் சத்தம். பெவர்லி, கறுப்பு உடை, கையில் காகிதக் கோப்பையில் காபி, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள், கண்ணுக்கு எதுவும் பூசவில்லை. “வேண்டாம்னு சொல்லப் போறீங்களா? இப்பவே சொல்லிருங்க.” “இல்ல. முடிக்கத் தெரியல, அவ்வளவுதான். பேசாம தட்டையே போட்டுரலாமே?” “அவரு கொரலக் கேட்டா நான் அங்கயே விழுந்துருவேன்.” காபியைப் பியானோ மேல் வைத்தாள், வைத்துவிட்டு எடுத்தாள். “முப்பது வருஷம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தத் தட்டைப் போடுவாங்க, இவரு எழுந்து வாயசைப்பாரு, உங்க பேருக்கு. நான் உக்காந்து கை தட்டுவேன். அவரு பேரு சொல்ற பாட்டு ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்களுக்கு. இன்னைக்கி ஒரு நாள் உங்க கையாலயே வாசிச்சு முடிங்க, போதும். நாளையிலேர்ந்து எனக்கு அதைக் கேக்க வேண்டாம்.” நன்ஸியோ கூரையைப் பார்த்தான், கார்மைன் ஷூவைப் பார்த்தான், இரண்டு பேருக்கும் படகு தெரியும். சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம், அது படகும்மா, முப்பதடிப் படகு… முப்பது வருடம் ஒரு படகைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய் என்று பெட்டி வருகிற நாளில் சொல்வதா? இல்லை, சொன்னால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற பயமா? தொண்டை வரை வந்தது, கதவைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வாசித்தாள். வேறென்ன செய்ய? வீடு, ஒரு விரல், ஒரு விரல், முழுக் கை. கார்மைனின் குரல் மேலே ஏறியது, வயதுக்கு மோசமில்லை, நன்ஸியோ அடியில் உறுமினான், வெறுப்பாகத்தான் இருந்தது, சர்க்கரைப் பாகைக் காதில் ஊற்றுவது போல, இருந்தும் பெவர்லியின் உதடுகள் தாமாக அசைந்தன, அவளும் அந்த வீட்டில் வாயசைத்தே பழகியிருக்கிறாள், நான் நிற்பேன், முனையில் நிற்பேன், நீ வரும்வரை நிற்பேன்… அங்கே வாயை மூடிக்கொண்டாள். லொரெட்டா பார்த்தாள், தப்பாகப் பார்த்தோமோ என்று அடுத்த சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு வரியையும் சொல்கிற உதடு, நான்காவது கூட்டொலி வந்ததும் மூடிக்கொள்கிறது, பெயரை விழுங்குகிறது, முப்பது வருடப் பழக்கம், அது அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம். பெயர் முடிகிற இடத்தில் அவள் திரும்ப ஆரம்பிப்பதில்லை, ஒரு மூச்சு விடுகிறாள், அவ்வளவுதான், அந்த முகத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது, அடுத்த சுற்றுக்குள் யாரோ பிடித்துத் தள்ளியது போலத்தான் நுழைகிறாள்… எது தள்ளுகிறது? லொ, ரெட், இரண்டும் நான்காவதில், கதவுக்கு வெளியே. டா, வீட்டுக்குள். உள்ளே வந்து விழுந்த அந்த டா-வை மிதித்துக்கொண்டுதான் நன்ஸியோ மறுபடி கிளம்புகிறான். இத்தனை நேரம் கூட்டொலியையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாளே… சக்கரத்தைத் தள்ளுவது கூட்டொலி இல்லை, பெயர்.

கையை எடுத்தாள். மேலே வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம், பெட்டி வந்துவிட்டது. “என்னாச்சு லோரி?” என்றான் கார்மைன். பெவர்லி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள். படகை அவளிடம் சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கில்லை, சொல்வாளா… தெரியவில்லை, அது வேறு. பாட்டை எப்படி முடிப்பது, இது தெரியும். மூன்று பேரும் கேட்கும்படி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள்: “நாலு சுத்து. கடைசிச் சுத்துல யாரும் பேரைச் சொல்லக் கூடாது. நாலாவது கூட்டொலிக்கு வாயை மூடிக்கிட்டு ஒரு மூச்சு விடுங்க. நான் மட்டும் முதல் கூட்டொலியை, வீட்டை, ஒரே ஒரு தடவை தொட்டுட்டுக் கையை எடுத்துருவேன்.”