ஹக்கலைக்கு ஏறாத பயணம்

நுவரெலியாவில் பூ முடியப்போகிறதாம் என்று படகுக்காரர் கொன்ஸ்ரன்ரைன் சம்மாட்டி கரையோர வாடிக் கொட்டிலுக்குள் வந்து சொன்னபோது றஞ்சிதம் அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

மன்னார்க் கரையில், பேசாலையில் கடலட்டைத் தொழில் சித்திரைக் கடைசியோடு முடியும். சோளகக் காற்று எழும்பிவிட்டால் கடல் கலங்கிச் சேறாகிவிடும். காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கீழே போகிறவனுக்குத் தன் கையே தெரியாது. தொழில் முடிந்த கையோடு சம்மாட்டி தன் படகுகளில் சுழியோடுகிறவர்களையும் அவர்களின் பெண்சாதிமாரையும் வான் வண்டியில் ஏற்றி ஒரு பயணம் கூட்டிப்போவார். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வந்த வழக்கம் அது. அட்டை அவிக்கிற புகைக்குள்ளேயே மாதக்கணக்காக நின்ற பெண்கள் இந்த வருடம் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்: கோவில் வேண்டாம், பூந்தோட்டம் பார்க்க வேண்டும்.

"அப்ப நுவரெலியா ஹக்கலைத் தோட்டம்தான்," என்றார் சம்மாட்டி. "என்ர சிநேகிதன் ஒருத்தன் அங்க மரக்கறி லொறி ஓடுறான். பூவெல்லாம் உதிரத் துவங்கீற்றாம். இந்தக் கிழமை போகாட்டி வெறும் பாத்தியத்தான் பாக்க வேணும். வெள்ளிக்கிழமை வெளிக்கிடுவம்."

"சம்மாட்டி அண்ணை, கம்பஹாவிலயும் ஒரு பெரிய தோட்டம் இருக்காம்," என்றாள் றஞ்சிதம். "அங்க போகேலாதோ?"

அவித்த அட்டையைக் கழுவிக்கொண்டிருந்த றோசம்மா தலையை நிமிர்த்தினாள். "கம்பஹாவில என்ன மச்சாள் இருக்கு? றப்பர் மரமெல்லோ நிக்குது. றப்பர் மரத்தில சாஞ்சு நிண்டு போட்டோ எடுக்கவோ நான் புதுச் சீலை எடுத்தனான்?"

வாடி முழுக்கச் சிரித்தது. றஞ்சிதம் சிரிக்கவில்லை.

தோட்டங்களில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எது உயரம், எது தாழ்வு. கம்பஹா கடல் மட்டத்தோடு ஒட்டிய தாழ்நிலம். பேராதனை நடுத்தரம். ஹக்கலை மேகத்துக்குள் கிடக்கிறது. விடத்தல்தீவிலிருக்கும் அவளுடைய அண்ணன் எமிலியானுஸ் காலையில் அட்டைக்குச் சுழியோடிவிட்டு, மத்தியானம் கருவாட்டு லொறியில் நுவரெலியாவுக்கு ஏறியவன். றம்பொடை வளைவுகளில் அவனுடைய கால்கள் செத்துப்போயின. இன்றைக்கும் தடியோடுதான் நடக்கிறான். மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் அப்போது அவளிடம் சொன்னார்: கடலுக்கு அடியில் போய் வந்தவனின் இரத்தத்தில் காற்று கரைந்து கிடக்கும், அது மெல்ல மெல்லத்தான் வெளியே போகும், அதற்குள் மலையில் ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிக் குமிழி கிளம்பும். ஒரு நாளாவது பொறுக்க வேண்டும்.

இதை அவள் வாடியில் சொல்லாமல் இல்லை. ஆண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டு வலித்தால் அவர்களிடம் ஒரே மருந்துதான்: திரும்பவும் சிலிண்டரைக் கட்டிக் கீழே இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. வலி போய்விடும். பல பேருக்குப் போயும் இருக்கிறது.

"அங்க ஏறி வலிச்சா எந்தக் கடலுக்க இறங்குவியள்?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்பவும் பயம்தான், தங்கச்சி," என்றார் சம்மாட்டி. ஆனாலும் அவர் கெட்ட மனுசன் இல்லை. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை பேராதனை, இரவு கண்டியில் ஒரு மடத்தில் தங்கல், சனிக்கிழமைதான் ஹக்கலை. சுழியோட்டம் புதன்கிழமையோடு சரி.

வீட்டில் புருசன் டொமினிக் அவளுடைய தலையில் கை வைத்தான். "அந்தோனியார் ஆணை. புதன்கிழமைக்குப் பிறகு தண்ணிக்க தலை வைக்கமாட்டன். காணுமோ?"

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வியாழக்கிழமை முழுக்க அவளுக்குப் பயணச் சமையல். புட்டும் மீன் பொரியலும் சம்பலும் கட்டி முடிக்கப் பொழுது பட்டுவிட்டது. டொமினிக் இருட்டுகிற நேரத்தில்தான் வந்தான். சிலிண்டர்களைக் கழுவி அடுக்கியதாகச் சொன்னான். தலை ஈரமாக இருந்தது. கிணற்றில் குளித்தேன் என்றான். அவளும் புட்டுக்குத் தேங்காய்ப்பூ போதுமா என்கிற யோசனையில் அதை விட்டுவிட்டாள்.

வெள்ளி விடியப் புறப்பட்டார்கள். மதவாச்சி தாண்டும்வரை வானுக்குள் ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தது. றோசம்மாவின் புருசன் அருளப்பு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடித்தான். வெயில் ஏறி வானுக்குள் விழுந்தபோது றஞ்சிதம் தற்செயலாகப் புருசனின் முகத்தைப் பார்த்தாள். வலது கண்ணின் வெள்ளையில், கருமணிக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புத் திட்டு இருந்தது.

"கண்ணில என்ன?"

"தூசி. நித்திரையும் இல்லைத்தானே."

தூசி பட்டால் கண் முழுக்கச் சிவக்கும். இது இரத்தம் உறைந்த திட்டு. கீழே போகும்போது முகக் கண்ணாடி முகத்தை உறிஞ்சிப் பிடித்தால் வருவது. புதன்கிழமை இரவு, தலைவலி என்று அவன் சொன்னதால், அவளே விளக்கைப் பிடித்து அவனுடைய கண்ணைப் பார்த்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

கேட்டால் பொய் சொல்வான். கத்தினால் வான் முழுக்கக் கேட்கும். சம்மாட்டிக்கு முன்னால் புருசனைக் கள்ளன் ஆக்கினதாகிவிடும். அவனையே கவனித்தபடி வந்தாள். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது அவன் கோப்பையை இடது கையால் வாங்கினான். மாத்தளையில் வான் மேடு ஏறத் தொடங்கியபோது வலது தோளைப் பிடித்து மெல்ல உருவிவிட்டான். அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டைக் கொலரைச் சரி செய்கிறவன் மாதிரிக் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எந்த மேடு வந்தாலும் அவளுடைய கண் ரோட்டில் இல்லை, அந்தத் தோளில்தான் இருந்தது. செபமாலையை எடுத்தாள், எந்த மணியில் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பேராதனைத் தோட்டத்துக்குள் போனபோது மழை பெய்து விட்டிருந்தது. பாத்திகளில் பழைய செடிகளைப் பிடுங்கி மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். ஓர்கிட் வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் பூ மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் மரம். மரங்களில் வௌவால்கள் கறுப்புச் சீலைத் துண்டுகள் மாதிரித் தொங்கின.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றாள் றோசம்மா. "வௌவால் மன்னாரிலயும் தொங்குது. அதைப் பாக்க நுழைவுச்சீட்டும் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்துச் சம்மாட்டியின் போன் அடித்தது. மரக்கறி லொறிக்காரன். ஹக்கலையிலும் நாளைக் காலையிலிருந்து பாத்தி பிடுங்கப்போகிறார்களாம். இப்போதே ஏறினால் பின்னேரத்துக்குள் பூவைப் பார்க்கலாம்.

"சரி, ஆக்களெல்லாம் வானில ஏறுங்கோ!" என்று சம்மாட்டி கை தட்டினார். "மடத்தை விடுவம். மேலயே தங்குவம்."

பெண்கள் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானுக்கு ஓடினார்கள். டொமினிக்கும் எழும்பினான். றஞ்சிதம் வானின் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஏறாதேங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? விலத்து."

"விலத்தமாட்டன்."

"றஞ்சி, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்." சாப்பாட்டுப் பை அவளுடைய காலடியில் இருந்தது. அதைக் காட்டினாள். "இந்தப் பையை வலது கையால தூக்கி வானுக்க வையுங்கோ. வைச்சியள் எண்டால் நான் வாயைத் திறக்கமாட்டன்."

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு குனிந்தான். பையின் காதைப் பிடித்தான். பை நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. உடனே அவனுடைய முகம் சுருங்கிப் போனது. பை விழுந்தது. மீன் பொரியல் டப்பா திறந்து புல்லில் கொட்டியது.

"எப்ப இறங்கினியள்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை, சம்மாட்டியைப் பார்த்தான். சம்மாட்டி வானின் சக்கரத்தைப் பார்த்தார்.

"நேற்றுப் பின்னேரம்," என்றான் டொமினிக். "கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, றஞ்சி. அட்டை கல்லுக் கல்லாத் தெரிஞ்சுது. இனி ஆறு மாசத்துக்கு அப்பிடி ஒரு கடல் வராது. விட்டிட்டு வர மனம் வரேல்ல."

"அந்தோனியார் ஆணை எண்டியள்."

அவன் குனிந்து இடது கையால் டப்பாவை எடுக்கப் போனான். சம்மாட்டிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் கேட்டனான், தங்கச்சி. சும்மா ஒருக்கா எண்டுதான்..." என்றார்.

அவரோடு சண்டை பிடிக்க அவளுக்கு நேரம் இல்லை. டொமினிக் புல்லில் குந்திவிட்டான். தோளிலிருந்து முழங்கைவரை யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். விரலும் விறைக்கிறதாம்.

அப்போதுதான் அருளப்பு அதைச் சொன்னான். "யோசிக்க ஒண்டும் இல்லை. தண்ணிக்க இறக்குவம். உதில ஆறு ஓடுது."

மூங்கில்களுக்கு அந்தப் பக்கம் மகாவலி ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள். அவர்களுடைய முகங்களில் ஒரு நிம்மதி வந்ததை றஞ்சிதம் கண்டாள். தண்ணீரைக் கண்டால் போதும் இவர்களுக்கு.

"ஆழம் காணுமோ?" என்றார் சம்மாட்டி.

"கழுத்தளவு வரும். சிலிண்டர் இல்லாட்டி என்ன, பிடிச்சு அமத்தி வைச்சுக்கொண்டிருப்பம்."

டொமினிக்கே எழும்பிவிட்டான். "ஓம், கொஞ்ச நேரம் கிடந்தால் விட்டிடும்." அவனும் நம்பினான். அருளப்பு அவனுடைய நல்ல கையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

றஞ்சிதம் ஓடிப்போய்ப் புருசனின் சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"எங்கட அண்ணனையும் இப்பிடித்தான் இறக்கினவங்கள்!" அவள் போட்ட சத்தத்தில் மரத்து வௌவால்கள் கலைந்தன. "றம்பொடையில ஓடைக்க. லொறியில வந்தவங்களும் எங்கட ஆக்கள்தான். தண்ணி பட்டாச் சரியாகும் எண்டு பொழுது படுமட்டும் அந்தக் குளிருக்க வைச்சிருந்தவங்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில இருந்தது. கொண்டுபோகேல்ல. அந்த நேரத்துக்குக் கொண்டுபோயிருந்தா அவர் இண்டைக்கு நடந்திருப்பார் எண்டு டொக்டர் என்ர முகத்துக்கு நேர சொன்னவர். ஆற்றுத் தண்ணியும் கடலடியும் ஒண்டோ? காலை நனைச்சா இரத்தத்தில இருக்கிற காத்துப் போயிடுமோ?"

எமிலியானுஸ் தடி பிடித்து நடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஓடைக் கதையை அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இறக்கியவர்களில் ஒருவன் அவளுடைய சித்தப்பன் மகன்.

றோசம்மாதான் முதலில் அசைந்தாள். வாசலுக்கு ஓடி, ஓட்டோ ஒன்றைக் கையைக் காட்டி மறித்தாள்.

பெரியாஸ்பத்திரி தோட்டத்துக்குக் கிட்டவே இருந்தது. அவசரப் பிரிவில் ஒரு சிங்கள லேடி டொக்டர். றஞ்சிதத்துக்குத் தெரிந்த சிங்களம் அட்டை வாங்க வருகிறவர்களோடு பேசிப் பழகியது. சாமானின் பெயர்தான் வரும், நோயின் பெயர் வராது. "மூத, மூத," என்றாள். கடல் என்று அர்த்தம். கையைக் கீழே கீழே இறக்கிக் காட்டினாள். பிறகு அதே கையை மலை மாதிரி மேலே ஏற்றினாள். பிறகு புருசனின் தோளைத் தொட்டாள்.

டொக்டரின் முகம் மாறியது. ஒரு தமிழ்த் தாதியைக் கூப்பிட்டாள். கடைசியாக எப்போது சுழியோடினார் என்று தாதி கேட்டாள்.

"புதன்கிழமை," என்றான் டொமினிக்.

றஞ்சிதத்துக்கு அவனை அடிக்க வேண்டும் போல வந்தது. "நேற்றுப் பின்னேரம்," என்றாள். "இவர் சொல்லுறதைக் கேக்காதேங்கோ, மிஸ்."

ஒக்சிசன் முகமூடியைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். வேறு யாரும் அவரோடு இறங்கினார்களா என்று தாதி கேட்டாள். கதவடியில் அருளப்பு நின்றான். வெளியே போகத் திரும்பினான்.

"நில்லும்," என்றாள் றோசம்மா. அவளுடைய குரலில் பகிடி இல்லை. "நீரும் போனனீரோ?"

"எனக்கு ஒண்டும் இல்லையப்பா. முழங்கால் கொஞ்சம்..."

றோசம்மா அவனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்து அடுத்த கட்டிலில் இருத்தினாள். புதுச் சீலையின் தலைப்பு நிலத்தில் இழுபட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பின்னேரம் சம்மாட்டி வந்து ஜன்னலடியில் நின்றார். வான் ஹக்கலைக்குப் போகவில்லை. மற்றவர்களை மடத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நாளைக்கு எந்த மலையும் ஏறக்கூடாது, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மெல்லக் கீழே இறங்கிப் போகலாம் என்றாள் றஞ்சிதம். அதற்குப் பிறகும் அவர் போகாமல் நின்றார்.

ஜன்னலுக்கு அப்பால் தூரத்தில் தோட்டத்து மரங்களின் உச்சி தெரிந்தது. வௌவால்கள் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியிருந்தன.

டொமினிக் முகமூடியைச் சற்று விலக்கினான். "அடுத்த வருசம் கம்பஹாவுக்குப் போவம், என்ன?"

"மூடுங்கோ வாயை. முகமூடியை எடுக்காதேங்கோ."

அடுத்த வருடமும் அவன் கடலுக்குள் இறங்குவான். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது; அவளும் அட்டை அவித்துத்தான் சாப்பிடுகிறாள். இப்போது அதையெல்லாம் நினைக்க முடியாது. அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மடக்குங்கோ பாப்பம்."

பெருவிரல் மடங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்ல வந்தன. மோதிர விரல் பாதியில் நின்று, பிறகு வந்தது. சின்னவிரல் அப்படியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

"திரும்ப," என்றாள்.

அவன் திரும்ப மடக்கினான். அவள் அந்தச் சின்னவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.