யானை நடந்த எல்லை

ஸ்காபரோவில் மோர்னிங்சைட் அவெனியூவுக்குப் பின்புறமாக வளைந்து போகும் லார்ச்வூட் தெருவில் பதினொரு வீடுகள், எண்ணூறு வருடங்களுக்கு முந்திய ஒரு சைவ மடத்தின் நிலத்துக்குள் நிற்கின்றன. பன்னிரண்டாவது வீடு நவரட்ணத்தினுடையது. அது எல்லைக்கு ஒன்றரை அடி வெளியே நின்றது.

இது தெரியவந்தது 2014ஆம் ஆண்டு ஏப்ரலில். பனி இளகி மண் தெரிந்த முதல் கிழமையில் தெருவைச் சுற்றி ஆறு கற்கள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம், ஒவ்வொன்றிலும் ஒரு சூலம். ஒன்பதாம் இலக்க வீட்டு மட்டக்களப்புக்காரி தங்கேஸ்வரி கத்தரி வைக்கலாமென்று பின்வளவைக் கொத்தியபோது, வளையமொன்றில் கோத்த மூன்று செப்பேடுகள் மண்வெட்டியில் தட்டுப்பட்டன. அடுத்த திங்கட்கிழமை அதே பின்வளவில் குளம் வந்தது. வளவின் அகலம் நாற்பது அடி. குளத்தைச் சுற்றி நடந்து வர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். இரண்டும் சரியான அளவுதான். அளந்தவன் அன்ட்ரூ என்ற நில அளவையாளன், தொழிலில் முப்பது வருடம் இருந்தவன். அவனுடைய கருவி கல்லுக்கு வெளியே அடியில் அளந்தது, கல்லுக்கு உள்ளே பதினாறு சாண் நீளமான பழைய கோலில் அளந்தது. இரண்டு தரம் மின்கலம் மாற்றிப் பார்த்துவிட்டு, அவனும் தன் குறிப்புப் புத்தகத்தில் கோல் என்றே எழுதத் தொடங்கினான்.

மடம் வரவில்லை. துறவிகளும் வரவில்லை. நிலம் மட்டும் தன் ஒழுங்கு குலையாமல் வந்து வீடுகளுக்கு இடையில் அமர்ந்துகொண்டது. அந்த ஒழுங்கைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஸ்காபரோவில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கெட்டித்தனமான வேலையை யாரும் கண்டதில்லை. குளத்தின் துரிசு தங்கேஸ்வரியின் உடுப்புத் தோய்க்கும் அறை ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதைத் திறந்தால் தண்ணீர் முதலில் குடிநீர்த் தொட்டிக்குப் போகும். தொட்டி நிரம்பி வழிவது பக்கத்து வீட்டு எமில்டாவின் வாசலில் இருந்த குளிக்கும் படித்துறைக்கு வரும். குளித்த தண்ணீர் வாழைகளுக்கும், வாழை குடித்து மிஞ்சியது நந்தவனத்துக்கும், அங்கிருந்து மூன்று தட்டு வயலுக்கும், கடைசியில் மின்கம்பிக் கோபுரங்களின் கீழே மாடுகள் குடிக்கும் தொட்டிக்கும் போய்ச் சேரும். ஒரு சொட்டு ஆறு வேலை பார்த்தது. வயலுக்கு வயல் சரிவு இரண்டே அங்குலம். கயிறும் ஒரு சட்டி தண்ணீரும் வைத்து இதை மட்டம் பார்த்தவர்களை நினைத்து அன்ட்ரூ வரம்பில் நின்றபடி தொப்பியைக் கழற்றினான். அதற்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் யாரும் கூப்பிடாமலே வந்தான்.

செப்பேட்டில் சொன்னபடி அந்த நிலம் முழுவதும் ஒரே ஒரு காரியத்துக்காக விடப்பட்டது: வழியால் போகிறவர் யாராயிருந்தாலும் அவருக்குச் சோறும் தண்ணீரும். அதனால் எமில்டாவின் கராஜில் தினமும் மத்தியானம் ஒரு கிடாரம் சோறு வெந்தது. தபால்காரி, பொதி கொண்டுவரும் வான்காரர்கள், பனி வழிக்கும் பொடியள் என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். குளம் பனி மாரியிலும் உறையவில்லை. தெற்கே பறக்க வேண்டிய வாத்துகள் அந்த வருடம் போகாமல் நின்றுவிட்டன, அடுத்த வருடங்களிலும் போகவில்லை.

நவரட்ணத்துக்கு இதிலெல்லாம் பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் பத்தொன்பது வருடம் கிளார்க்காக இருந்து, வடக்கு எல்லை, கிழக்கு எல்லை என்று ஆயிரக்கணக்கான காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிய கை. அப்பேர்ப்பட்டவருடைய வீட்டை எல்லை ஒன்றரை அடியால் விட்டுவிட்டுப் போவதென்றால்! அதிலும் பெரிய அவமானம் இன்னொன்று. செப்பேட்டின் பழைய எழுத்துகள் கல்லுக்கு உள்ளே குடியிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே கிழமையில் விளங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில் தமிழில் இரண்டு தரம் கோட்டைவிட்ட எமில்டா, அடுப்பைக் கிண்டிக்கொண்டே அதைக் கடகடவென்று வாசித்தாள். நவரட்ணம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அவருக்கு அது வெறும் கீறலாகவே இருந்தது. வாசித்துச் சொல்லட்டுமா என்று கேட்டவர்களிடம் தனக்கு நேரமில்லை என்றார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியிருந்தது.

அவருடைய மனைவி பேபி இருபத்திரண்டு வருடம் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்தவள். இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. ஒரு நாள் நந்தவனத்தில் பூப் பறிக்க ஆள் தேவையென்று தங்கேஸ்வரி கூப்பிட, பேபி பின்கதவால் இறங்கி, கல்லைத் தாண்டி இரண்டாவது அடி வைத்தபோது முழங்கால் நோ நின்றது. திரும்பி வந்து கல்லைத் தாண்டியதும் நோ பழையபடி வந்தது. நாலைந்து தரம் போய்ப் போய் வந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. முதல் மாதம் அங்கே ஒரு மணித்தியாலம் நின்றாள். வருடம் முடிய, காலை எட்டுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள் என்றானது. போகப் போக அவள் கலகலப்பானாள், நவரட்ணம் தனியே சோற்றைச் சூடாக்கப் பழகினார். எல்லைக்குள் வாழை வெட்ட ஆண்களையும்தான் கூப்பிட்டார்கள். விருந்தாளியாக உள்ளே போக அவருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. போனால் சொந்தக்காரனாகத்தான் போவது என்று இருந்தார்.

அவருடைய தகப்பனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வருடா வருடம் வேலி அடைக்கும்போது, ஆள் பாராத வேளையில் கதியால் தடியைப் பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நடுவார். பதினைந்து வருடத்தில் ஒரு மாமரம் அவர் பக்கம் வந்து சேர்ந்தது. அதே கைப்பக்குவத்தோடு நவரட்ணம் 2014 ஒக்டோபரில், தெரு எழும்ப முதல் ஒரு விடியப்புறம், கல் கிளப்பும் அலவாங்கோடு பின்வளவுக்குப் போனார். தகப்பன் தள்ளியது வெளியே, இவர் இழுத்தது தன் வீட்டை நோக்கி. எல்லைக்கல்லைக் கிளப்பி ஒரு சாண் இந்தப் பக்கமாக நட்டார். இரண்டு சாண்தானே தேவை, அடுத்த வருடம் மற்றதைப் பார்ப்போம் என்று நினைத்து, கை கழுவிக்கொண்டு வந்து அளந்தார். கல்லுக்கும் வீட்டுக்கும் இடையில் அதே ஒன்றரை அடி இருந்தது. வீடு ஒரு சாண் அவெனியூப் பக்கம் விலகியிருந்தது.

ஒருவேளை தன் கண்தான் பிழையோ என்று அடுத்த வருடம் இரண்டு சாண் நகர்த்தினார். வீடு இரண்டு சாண் போனது. அதற்கடுத்த வருடம் நாலு, பிறகு பதினாறு. தண்ணீர்க் குழாயும் காஸ் குழாயும் முறியாமல் வளர்ந்துகொடுத்தன, சமையலறைக் கோப்பைகள்கூட அசையவில்லை. 2018இல் அவருக்கு வந்த கோபத்தில் அறுபது சாண் இழுத்தார். கல்லும் கன்றுக்குட்டி மாதிரிக் கூடவே வந்தது. விடிந்து பார்த்தபோது வீட்டின் முன்படிகள் அவெனியூவின் பஸ் நிறுத்தத்தில் இறங்கின. பஸ்சுக்கு நின்ற இரண்டு பெண்கள் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். கல்லுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒன்றரை அடி.

கல் போன பக்கம் மடத்து நிலமும் இழுபட்டது. இழுபட்ட அளவுக்குக் குளம் மெலிந்தது. தங்கேஸ்வரி வயலுக்குள் பிறந்து வளர்ந்தவள், தண்ணீர் குறைந்தால் நித்திரையிலும் அவளுக்குத் தெரியும். மாட்டுத் தொட்டி வெறுமையாகக் கிடந்த அன்று அவள் நவரட்ணத்திடம் வந்து, "அண்ணன், குளம் இறங்குது. கட்டு உடையவும் இல்ல, கசியவும் இல்ல. எங்க போகுதெண்டு விளங்குதில்ல. இப்படியே போனா வாற வருசம் சோறு இல்ல" என்றாள். அவருடைய கதவு மூலையில் சாத்தியிருந்த அலவாங்கை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குளப்பக்கம் திரும்பி நடந்தாள். நவரட்ணம் வெட்கத்தோடு அலவாங்கை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

அதைவிட மோசமானது அன்று பின்னேரம் நடந்தது. முன்பு நந்தவனத்திலிருந்து வீட்டுக்கு முப்பது அடிதான், அந்த நடை வருடா வருடம் நீண்டு அன்றைக்குத் தொண்ணூறு அடிக்கு மேல் ஆகியிருந்தது. இழுத்துச் சேர்த்த துண்டில் நோ நிற்கவில்லை, முதன்முதலில் கல் நின்ற இடத்திலேயே திரும்பி வந்தது. நாலு மணிக்கு வரவேண்டிய பேபி ஐந்தரைக்குத்தான் வந்தாள். பழைய எல்லைக்கு அப்பால் தான் ஓடித் திரிந்த கால்களை இப்பால் இழுத்து இழுத்து, இடையிடையே குந்தி எழும்பி வந்து, படியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. தங்கேஸ்வரி வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு. வந்து நில்லுங்கோ அக்கா எண்டு ரெண்டு வருசமா கேக்கிறா. ஒவ்வொரு நாளும் நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாறன். இந்த வீடு இன்னும் ஒரு சாண் தள்ளிப் போச்சுதெண்டா, நான் திரும்பி வரமாட்டன்."

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளை ஒரு கல்லைக்கொண்டு தானே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோமே என்பது நவரட்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "கல்லை நகர்த்தினது நான்தான்" என்றார்.

"ஓம், தெரியும். முதல் வருசமே அலவாங்கில மண் பாத்தனான். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

"ஏட்டில என்ன கிடக்கு, பேபி? வாசிச்சுச் சொல்லுமன்."

நாலரை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தரம். பேபிக்கு மூன்று ஏடுகளும் மனப்பாடம். பகலெல்லாம் கல்லுக்குள்ளே வாழ்ந்தவளுக்கு அந்த எழுத்து எப்போதோ விளங்கியிருந்தது. மடத்து நிலத்துக்கு எல்லை வகுத்த விதத்தை அவள் சொன்னாள். கோல் பிடித்தவர்கள் அளந்த பிறகு ஒரு பெண் யானையை நடக்கவிடுவார்கள். அது நடந்த தடத்தில் கல் நட்டு, கல்லடியில் கள்ளி வைப்பார்கள். கல்லை இழுப்பவன் இழுத்த அளவுக்கு விலகிப் போவான். உள்ளே வர விரும்புகிறவன் தன் நிலத்தைத் தருமத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும், யானை வந்து நடக்கும்.

நவரட்ணம் அன்றைக்கே மேசை முன் உட்கார்ந்து, ஒன்றரை அடித் துண்டைத் தருமசாதனமாக எழுதினார். நாலு எல்லையும் சுத்தமாக வைத்து, கையெழுத்திட்டு, தங்கேஸ்வரியையும் எமில்டாவையும் சாட்சியாக வைத்தார். மூன்று நாள் வாசலில் காத்திருந்தார். யானை வரவில்லை. பிறகு பின்வளவு முழுவதையும் எழுதினார். அதற்கும் வரவில்லை. தன் வீட்டையும் சேர்த்து எழுதலாமா என்று பேபியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள்.

அவருடைய நொத்தாரிசு ஒரு விஷயத்தில் மட்டும் ராட்சசன். உறுதியில் வெற்றிடம் விடக்கூடாது. சொல் முடிந்து இடம் மிஞ்சினால் கோடிழுத்து மூடவேண்டும், இல்லாவிட்டால் எவனும் எதையும் பிறகு எழுதிக்கொள்வான். பத்தொன்பது வருடத்தில் நவரட்ணம் ஒரு வெற்றிடமும் விட்டதில்லை. மூன்றாவது தாளை எடுத்து, இன்னாரின் மகன் நவரட்ணம் தருமத்துக்குத் தரும் காணியின் விஸ்தீரணம் என்று எழுதினார். அங்கே பேனை நின்றது. கை தானாகக் கோடிழுக்கப் போனது, மற்றக் கையால் அதைப் பிடித்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடியில் கையெழுத்து வைத்தார். வைத்த பிறகு அவருக்கு வியர்த்தது.

அடுத்த நாள், ஒரு நவம்பர்க் காலை எட்டு நாற்பதுக்கு யானை வந்தது. மோர்னிங்சைட் அவெனியூவில் வடக்கேயிருந்து, நடைபாதை ஓரமாக, தந்தமில்லாத வயதான பெண் யானை. சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் கடந்தது. பின்னால் வந்த பஸ், ஹோர்ன் அடிக்காமல் மெதுவாகத் தொடர்ந்தது. யானை நவரட்ணத்தின் வீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்படிகளையும் பஸ் நிறுத்தத்தையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, தெரு மூலையால் திரும்பி மடத்து நிலத்துக்குள் போனது. அந்த வளையத்தின் வெளியோரத்தில் அது கால் பதித்த இடத்தில் நவரட்ணமும் அன்ட்ரூவும் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் நட்டார்கள். இந்த முறை கல் நல்ல பாரமாக இருந்தது. எமில்டா தன் ஜன்னலில் வளர்த்த கள்ளித் தொட்டியை உடைத்து அடியில் வைத்தாள். மத்தியானத்துக்குள் குளம் பழைய மட்டத்துக்கு ஏறியது. மாட்டுத் தொட்டி நிரம்பிய சத்தம் அந்தத் தெரு முழுவதும் கேட்டது.

வீடு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறது. மாநகர வரைபடத்தில் அந்த மூலை இப்போது கோலில் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பஸ்சுக்கு நிற்பவர்கள் கோடையில் நவரட்ணத்தின் மோரும் மாரியில் மல்லித்தண்ணீரும் குடிக்கிறார்கள், ஏனென்றால் அவருக்கு விழுந்த ஊழியம் அது. எழுத்துகளும் அவருக்கு விளங்கிவிட்டன. மூன்றாவது ஏட்டில் எல்லோரும் களிம்பு என்று விட்டிருந்த இடத்தில் கிழக்கெல்லை நவரட்ணம் கொடுத்தது என்று இருந்தது, விஸ்தீரணம் எழுதப்படவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் யானை வருகிறது. அன்றைக்கு அந்த பஸ் ஆறு நிமிடம் பிந்தும்.

ஆனால் அந்த முதல் நாளில் பேபி வழக்கம்போல நாலு மணிக்கு நந்தவனத்திலிருந்து புறப்பட்டாள். முதன்முதலில் கல் நின்ற இடத்துக்கு வந்ததும், பழக்கத்தில், நோவை வாங்கிக்கொள்ளப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். நோ வரவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்து, மிச்சத் தூரத்தையும் நடந்து வந்து, மூன்று படியையும் பிடிக்காமல் ஏறினாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நீரும் வரட்டும் எண்டு இருந்தனான்" என்றார் நவரட்ணம்.