பின்சீட்டில் ஓர் அண்ணன்

வண்டி அணைந்துபோனால், மறுபடி சாவியைத் திருப்புவதற்கு முன் என்ன தப்பு செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டுநர் பள்ளியில் மாஸ்டர் வைத்திருந்த ஒரே சட்டம் அது.

"கிளட்சைச் சட்டுனு விட்டுட்டேன் மாஸ்டர்," என்பாள் தங்கை. "அப்புறம் ஓரமா போன நாயை வேடிக்கை பாத்துட்டேன்."

"சபாஷ்மா. எடு."

பின்சீட்டில் இருக்கும் அண்ணனுக்கு வயிறு எரியும். நாயைப் பார்த்ததற்கு ஒரு சபாஷா? அவனும்தான் எத்தனையோ நாய்களைப் பார்த்திருக்கிறான்.

அவன் முறையிலும் வண்டி அணையும். "சீட்டு சரியில்ல மாஸ்டர்," என்பான். முந்தின நாள் வெயில் கண்ணில் அடித்தது. அதற்கு முன்பு செருப்பு. தப்பே செய்யாமல் தேர்வில் இரண்டு தடவை தோற்றவன் என்ற பெருமை அந்தப் பள்ளியில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

"நீ லைசென்ஸ் வாங்குனா கார் சாவி உனக்கு," என்று அப்பா போன வருடம் சொல்லியிருந்தார். தங்கையும் பள்ளியில் சேர்ந்த அன்று அந்த வாக்கியம் திருத்தப்பட்டது: "யாரு மொதல்ல வாங்குறீங்களோ அவங்களுக்கு." அம்மா இன்னும் ஒருபடி மேலே போய், காரின் முன்சீட்டுக்கு உறை தைக்க ஆரம்பித்தாள். தங்கைக்குப் பிடித்த நிறத்தில்.

தேர்வு நாள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். பெரும்பாலானோர் கவிழ்வது அங்கேதான். மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். தங்கை உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, மேட்டுல ஹேண்ட்பிரேக் போட்டுத்தானே எடுக்கணும்? திடீர்னு எல்லாம் மறந்த மாதிரி இருக்கு."

"போட்டா மார்க்கைக் கொறைப்பாங்க. கால் பிரேக்கே போதும்."

திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. அதைச் செருப்பு வாரைச் சரிசெய்வதில் செலவழித்தான்.

அவள் வண்டி ஏற்றத்திலிருந்து பின்னால் உருண்டு கம்பத்தில் இடித்து நின்றது. அடுத்து அவன். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நிதானமாக எடுத்து, அலுங்காமல் மேலே ஏறினான். பாஸ்.

வெளியே வந்தபோது அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாஸ்டர் தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்ண?"

"ரெண்டு தடவ ஃபெயிலானவன்கிட்ட போய் சந்தேகம் கேட்டேன் மாஸ்டர்."

மாஸ்டருக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸானவன் இங்கே நிற்கிறான். ஃபெயிலானவள் கைதட்டல் வாங்குகிறாள்.

அவள் திரும்பினாள். "பாஸாயிட்டியா? சூப்பர்ணா! பாவம், இந்த ஹேண்ட்பிரேக் கதையை நம்பித்தானே நீயும் ரெண்டு தடவ போன?"

அவன் ஆயுளில் எத்தனையோ சாக்குகளைத் தேடி அலைந்திருக்கிறான். இவ்வளவு நல்ல சாக்கை யாரும் கையில் கொண்டுவந்து கொடுத்ததில்லை. தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தான். அவளோ உண்மையாகவே பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றாள்.

"நம்பல," என்றான். "போடணும்னு எனக்குத் தெரியும். இப்பவும் போட்டுத்தான் எடுத்தேன்."

"அப்ப ஏன் அப்படி சொன்ன?"

"நீ மொதல்ல பாஸாயிடுவியோன்னு."

மாஸ்டர் கோப்பையோடு நழுவிவிட்டார். தங்கை பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள்.

"அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். சாவியும் இப்ப வேணாம்."

"தியாகி வேஷமெல்லாம் போடாத. நடந்ததை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை சேத்த, கொன்னுடுவேன்."

அம்மா கதவைத் திறந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு பாஸு?"

"நான்தாம்மா," என்றான். "அப்பாவைக் கூப்பிடு. எப்படி பாஸானேன்னு சொல்லணும்."