கண்ணாடி அலமாரியில் எட்டுக் கொம்பு

சூப்ரண்டு வீட்டு ஹாலில் பாதிச் சுவரை ஒரு அலமாரி தின்றிருந்தது. பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது. முன்னால் பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு. உள்ளே அலுவலகப் போட்டிகளில் அவர் வாங்கிய கோப்பைகள், ஒரு நாளும் தேநீர் ஊற்றாத தேநீர் செட்டு, ஓடாத மேசைக் கடிகாரம். அத்தனைக்கும் நடுவில், சபையில் தலைவர் உட்கார்ந்த மாதிரி, வைஃபை ரௌட்டர்.

இணையம் வீட்டுக்கு வந்த அன்றே அவர் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும், கையில் படக் கூடாது.

வேலையில் இருந்த காலத்தில் மேசை நாற்காலிகளைக் கணக்கெடுக்கும் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். ஓய்வு பெற்ற பிறகு பதவி போய்விட்டது, பட்டம் போகவில்லை. தெருவே அவரைச் சூப்ரண்டு என்றுதான் கூப்பிட்டது. யாராவது பெயர் சொல்லி அழைத்தால் பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய மருமகளுக்குக் கிடைத்த அறை சமையலறைக்கும் பின்னால், பழைய சாமான்களோடு சாமானாக. கல்யாணத்துக்கு முன் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள். வீட்டிலிருந்தே மறுபடி வேலை பார்க்கலாம் என்று ஆசைப்பட்டாள். ஒரு கம்பெனி வீடியோவில் நேர்காணல் வைத்தது. "இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தம்னா..." என்று அவள் ஆரம்பித்த இடத்தில் படம் நின்றுபோனது. திறந்த வாய் திறந்தபடி. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அந்த வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், பாவம். நல்ல மனிதர்கள். வியாழக்கிழமை இன்னொரு முறை பேசுவோம், அதோடு முடிவு செய்துவிடுவோம் என்று எழுதினார்கள்.

"மாமா, அந்த ரௌட்டரை அலமாரியில இருந்து எடுத்து சமையலறை வாசல்கிட்ட வெச்சா போதும். என் ரூமுக்கு சிக்னல் வந்துரும்" என்றாள் அவள்.

"வெளிய வெச்சா தூசி படும்மா."

"பட்டா தொடச்சுக்கலாம் மாமா. பின்னால இருக்கிற கண்ணாடி சிக்னலைத் தடுக்குது."

"கண்ணாடி தடுக்குமா? எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் தன் போனைப் பார்த்தான். "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றான். அந்த அலமாரிக்குள் வைக்க இடமில்லாமல் வெளியே வைத்திருந்த பொருள் அவன்.

ஆனாலும் சூப்ரண்டுக்கு உறுத்தியது. நம் வீட்டு நெட்டா நடுவில் நின்றது? ஊரார் என்ன நினைப்பார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். கடைக்காரன் ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிட்டான்.

"ஐயா வீடு எவ்வளவு பெருசு?"

"பெருசுதான்."

"அப்போ ஐயாவுக்கு இந்தச் சின்னது எல்லாம் தாங்காது." உள்ளே போய் எட்டுக் கொம்பு முளைத்த ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது தெருக்கோடி வரைக்கும் போகும்."

"தெருவுக்கு எதுக்குப்பா?"

"போனா உங்க பேர்தானே ஐயா போகும்?"

அதற்குப் பிறகு பேரம் ஏது? அன்று மாலையே அந்தத் தெருவில் யார் போனைத் திறந்தாலும் வைஃபை பட்டியலில் 'சூப்ரண்டு இல்லம்' என்று காட்டியது.

மாமியார் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "என்னங்க இது, நண்டைப் புரட்டிப் போட்ட மாதிரி இருக்கு?"

"எட்டு ஆன்டெனாடி!"

"எட்டு கால் இருந்தும் நடக்க மாட்டேங்குதே. நடந்தா அதுவே அவ ரூமுக்குப் போயிருக்கும்."

சூப்ரண்டு அதைக் காதில் வாங்கவில்லை. புது ரௌட்டர் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று வேகத்தைச் சோதித்தார். "பறக்குது பார்!" என்று எல்லோருக்கும் போனைக் காட்டினார். பின்னறையில் சிக்னல் பழையபடி ஒற்றைக் கோடு. அதைச் சொன்னபோது, "உன் லேப்டாப் பழசும்மா" என்று முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை. பின்னறைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அலமாரிக்கு முதுகைக் காட்டி, மாமனாரின் நாற்காலியில், ஆமாம், அவரைத் தவிர யாரும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சூப்ரண்டு குளித்து முடித்து இடுப்பில் துண்டோடு வந்தார். அவருடைய சட்டை ஹாலைத் தாண்டி அந்தப் பக்க அறையில். நடுவில் கேமரா. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பதுங்கினார்.

லேப்டாப்பில் ஒரு பெண்மணி சிரித்தாள். "பின்னாடி அத்தனை கோப்பை! எல்லாம் உங்களுதா?"

"எங்க மாமாவோடதுங்க. கேரம்ல ரெண்டாவது பரிசு."

கதவுக்குப் பின்னால் சூப்ரண்டு துடித்தார். "மொத வந்தவன் ஏமாத்தினான்னு சொல்லச் சொல்லுடி" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க, துண்டோட."

"வீட்ல தொந்தரவு இல்லாம வேலை பார்க்க இடம் இருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

மருமகள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இருக்குங்க. நான் உட்கார்ந்திருக்கேனே, இதுதான்."

படம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஏன் பொருத்தம் என்ற வாக்கியத்தை இந்த முறை அவள் முற்றுப்புள்ளி வரைக்கும் சொன்னாள். வேலை கிடைத்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஹால் அலுவலகமாயிற்று. "ரூமுக்குப் போய் வேலை பாரும்மா" என்றார் சூப்ரண்டு.

"அங்க சிக்னல் இல்லையே மாமா. இங்கதானே பறக்குது? நீங்கதானே காட்டுனீங்க."

தினமும் அரசியல் பேச வரும் நண்பரை மாமியார் வாசலிலேயே உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினாள். சத்தத்தை நிறுத்திய தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் உதட்டசைவை வைத்து சூப்ரண்டு நாட்டு நடப்பை ஊகித்தார். சொந்த வீட்டில் நுனிக்காலில் நடந்தார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் அடக்க முடியாமல் ஒரு தும்மல் வந்துவிட்டது. கோப்பைகள் அதிர்ந்தன.

"யாருங்க அது?" என்றது லேப்டாப்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மருமகள். "வீட்ல ஒருத்தர் இருக்காரு."

ஒருத்தர்! ஒரு பிரிவையே கட்டி ஆண்டவர், தெருக்கோடி வரைக்கும் பேர் பரவியவர், ஒருத்தர்!

ஞாயிற்றுக்கிழமை அவரே சாவியை எடுத்தார். பிளாஸ்டிக் தாளை உரித்தார். மகன் முக்காலி மேல் ஏறி வயரை இழுத்தான். அவன் அந்த வீட்டுக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான் என்று மாமியார் பிற்பாடு சொல்வாள். நண்டு சமையலறை வாசலில் ஒரு பலகை மேல் குடியேறியது. பின்னறையில் கோடுகள் முழுசாக நிமிர்ந்தன.

"தூசி படுமே மாமா?" என்றாள் மருமகள், முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"பட்டா தொடச்சுக்கலாம்மா" என்றார், அந்த யோசனை அப்போதுதான் தனக்கு உதித்தது போல.

மறுநாள் நண்பர் வந்தார். சூப்ரண்டு தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குரலைத் திறந்துவிட்டார். "இந்தக் கண்ணாடி இருக்கு பாருங்க, இதுதான் சிக்னலைத் தடுக்குது. வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்."

நண்பர் அலமாரியைப் பார்த்தார். கோப்பைகளுக்கு நடுவில், ரௌட்டர் இருந்த அதே இடத்தில், அது வந்த காலி அட்டைப்பெட்டி. எட்டுக் கொம்புப் படம் வெளியே தெரியும்படி நிறுத்தி, கதவைப் பூட்டி வைத்திருந்தார் சூப்ரண்டு.