மூடுபனிக் கொள்கை

உலக வரலாற்றிலேயே முதன்முறையாக மூடுபனிக்கு ஒரு கொள்கை வகுக்கப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு. அந்த நாளைப் பிற்காலச் சந்ததி கொண்டாடுமா என்று தெரியாது. கூட்டத்தில் இருந்த இருபத்து மூன்று பேரும் பலமாகக் கைதட்டினார்கள். பசி.

வகுத்தவர் இயக்குநர். சினிமா எடுப்பவர் அல்ல, வீடியோ கேம் எடுப்பவர். ஆனாலும் அறைக்குள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

"நம்ம கேம்ல பனி இருக்கு," என்றார். "ஏன் இருக்கு? கேம் ஓடுற கன்சோல் மிஷின் பழசு. தூரத்துல இருக்கிறத வரைஞ்சு காட்ட அதுக்குத் தெம்பு இல்ல. மறைக்கிறதுக்குப் பனியப் போட்டோம். இது உண்மை. ஆனா சின்ன உண்மை. பெரிய உண்மை என்ன? மனுஷனுக்குத் தன்னோட அடுத்த அடி தெரியாது! அதுக்குத்தான் பனி."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கருவியின் இயலாமையால் வரும் எதையும் பிழை என்று எழுதக் கூடாது. அதன் பெயர் 'நோக்கம்'.

இந்தச் சுற்றறிக்கையால் இருபத்திரண்டு பேருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருபத்து மூன்றாவது ஆளின் பிழைப்பில் மட்டும் மண் விழுந்தது. அவர் விளையாட்டைச் சோதிப்பவர். வயது நாற்பத்து நான்கு. அலுவலகத்தில் அவருக்குச் 'சுவர்முட்டி' என்று பெயர். வேலையே அதுதான்: கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டில் உள்ள ஒவ்வொரு சுவரிலும் பாறையிலும் மரத்திலும் போய் முட்டி, எங்காவது உள்ளே விழுகிறோமா என்று பார்ப்பது. விழுந்தால் சந்தோஷம். அது ஒரு பிழை. எழுதிக் கொடுப்பார். மாதத்துக்குப் பத்துப் பிழையாவது ஏற்கப்பட்டால் ஒப்பந்தம் நீளும். அந்த மாதம் ஒன்பது ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை முதல் வீட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். நாற்பத்து நாலு வயதில், சுவரில் முட்டத் தெரியும் என்று சொல்லி வேறெங்கே வேலை கேட்பது?

புதன்கிழமை நாலு பிழை எழுதினார்.

'குதிரை கழுத்துவரை மண்ணுக்குள் புதைகிறது.' பதில் வந்தது: நோக்கம். மண்ணோடு உயிருக்குள்ள உறவு.

'கடைக்காரருக்கு நாலு நொடி முகம் இல்லை. பிறகு வருகிறது.' நோக்கம். அந்நியன் மெல்ல மெல்லத்தான் அறிமுகமாவான்.

'கேடயப் பட்டனை அழுத்தினால் அரை நொடி கழித்துத்தான் ஆட்டத்து நாயகன் கேடயத்தைத் தூக்குகிறான். அதற்குள் ஏரிப்பூதம் அடித்துவிடுகிறது. இதுவரை இருநூற்றுப் பதினாலு முறை செத்திருக்கிறேன்.' நோக்கம். தாமதமே விதி.

'முதல் மூன்று நிமிடம் ஆட்டம் நன்றாக ஓடுகிறது. பிறகு திணறுகிறது.' இதற்கு இயக்குநரே நேரில் வந்து, கண் கலங்க, சுவர்முட்டியின் தோளைத் தட்டினார். "குழந்தைப் பருவம், தம்பி. மூணு நிமிஷம். அப்புறம் வாழ்க்கை பாரம். நீங்க எவ்வளவு ஆழமாப் போயிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல."

உண்மைதான், தெரியவில்லை. வியாழக்கிழமை காலை குதிரை புதையாமல் நேராக நடந்தது. சுவர்முட்டி திகைத்துப்போனார். இது பிழையா? இல்லை, புதையாமல் இருப்பதும் ஒரு நோக்கமா? எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அலுவலக லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஆறு நிமிடம் நின்றபோது, கூட இருந்தவர்கள் மணியை அழுத்தினார்கள். அவர் மட்டும் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு வழிப்போக்கன் கடற்கரையில் வந்து இறங்குகிறான். எதிர்க்கரையில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் சேறு, மலை, ஏரி, பூதம். விளம்பரத்தில் 'எல்லையில்லா உலகம், ஒன்பது மணி நேரப் பயணம்' என்று போட்டிருந்தது. சேற்றைச் செய்தவர் சேற்றை மட்டும் பார்த்தார், மலையைச் செய்தவர் மலையை மட்டும். முழு உலகத்தையும் கால் நோக நடந்தவர் சுவர்முட்டி ஒருவர்தான். கன்சோல் திணறினால் பனி தானாகவே அடர்த்தியாகும், நாலு நிமிடம் திணறாமல் ஓடினால்தான் விலகும் என்று தலைமைப் புரோகிராமர் எழுதிவைத்திருந்தார். பனி விலகி ஒருவரும் பார்த்ததில்லை.

சோதனைக்கு ஒரே ஒரு கன்சோல். கம்பெனி தொடங்கியபோது வாங்கிய ஆதிகால மாடல். "எளிய ஆட்டக்காரன்கிட்ட என்ன இருக்கோ, அதுலதான் நாமளும் பாக்கணும்," என்பது இயக்குநரின் கட்டளை. இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ அதன் தலையில் டீ டம்ளரை வைத்துவிட்டார்கள். மறுநாளே கன்சோல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறியது. மேலே பித்தளைத் தகடு: 'எளிய ஆட்டக்காரனுக்கு.' சாவி இயக்குநரிடம்.

வியாழன் மாலை சுவர்முட்டி வீட்டுக்கு வந்தபோது, மனைவி ஸ்பேனர் பையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர்.

"ஏங்க, சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது, பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒழுகுதா, இல்ல ஒழுகணும்னே வெச்சிருக்காங்களான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

மனைவி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்னங்க ஆச்சு உங்களுக்கு? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒண்ணாவது தேறுமா, தேறாதா?"

"எல்லாமே நோக்கம்ங்கிறாரு. எனக்கு எது சரி எது தப்புன்னே புரியல. சாப்பிடப் போயிட்டு வந்து போட்டா மூணு நிமிஷம் ஜோரா ஓடுது. அப்புறம் திணறல், இன்னும் பனி, பூதம், சாவு. மறுபடி நிறுத்திவெச்சிட்டுப் போட்டா மறுபடி மூணு நிமிஷம் ஜோர்."

"எங்க வெச்சிருக்காங்க அந்தப் பொட்டிய?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

"ஓட்டை இருக்கா?"

"வயர் போறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. எறும்பு வரும்னு வயரச் சுத்திப் பசை போட்டு அடைச்சிட்டாங்க."

மனைவி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "இன்னிக்குக் காலைல ஒரு வீடு. ஃப்ரிட்ஜைச் சுவத்தோட ஒட்டி வெச்சு, சுத்தி அட்டைப்பெட்டி அடுக்கி, மேல கம்பளியப் போத்திட்டு, 'ஏம்மா கூலிங்கே வரல'ங்கிறாங்க. உங்க இயக்குநருக்கு அந்த வீட்டு அட்ரஸ் தரட்டா? ரெண்டு பேரும் நல்லாப் பேசிப்பாங்க."

"அப்போ..."

"சூடுங்க! சூடு ஏறினா மிஷின் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தக் குறைச்சுக்கும். இதுல என்ன தத்துவம்? வெளிய எடுத்து ஜன்னல் ஓரமா வெச்சுப் போட்டுப் பாருங்க."

வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநர் எங்கோ உரை நிகழ்த்தப் போயிருந்தார். சுவர்முட்டி மனைவியின் ஸ்க்ரூடிரைவரோடு கண்ணாடிப் பெட்டியின் கீலருகே மண்டியிட்டார். தலைமைப் புரோகிராமர் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணா, வேணாம். அதைத் தொட்டீங்கன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"தொடலைன்னா அஞ்சு மணிக்கு அனுப்புவாரு. கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். அவருக்கும் பார்க்க ஆசை.

கன்சோல் வெளியே வந்தபோது தோசைக்கல் மாதிரி இருந்தது. ஜன்னல் ஓரம் வைத்து, ஆறவிட்டு, போட்டார்கள். கடற்கரை வந்தது. மூன்று நிமிடம் ஆனது. நாலானது. திணறவில்லை. பனி மெல்ல விலகியது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளையாக ஒன்று நின்றது.

"என்னது அது?" என்றார் சுவர்முட்டி.

"கலங்கரை விளக்கம்."

"எந்தக் கலங்கரை விளக்கம்?"

"நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானேண்ணா."

அதை நோக்கி நடந்தார். வழி தவறவில்லை, தவறுவதற்கு வழியில்லை. சேறு எட்டே அடியில் முடிந்தது. மலை இரண்டு மாடி உயரம். முன்பக்கம் மட்டும்தான் மலை, பின்பக்கம் வெறும் தட்டை. பனியில் யார் சுற்றிப் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டிருந்தார்கள். ஏரி, பெரிய வீட்டுத் தண்ணீர்த்தொட்டி அளவு. பூதம் எழுந்து கையை ஓங்கியது. கேடயப் பட்டனை அழுத்தினார், அழுத்தியவுடனே கேடயம் உயர்ந்தது. மூன்று அடி கொடுத்தார். இருநூற்றுப் பதினாலு முறை அவரைக் கொன்ற பூதம் சத்தமில்லாமல் சரிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

கலங்கரை விளக்கத்தின் கதவைத் தொட்டபோது ஆட்டம் தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

சுவர்முட்டி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வருடம். 'இன்னிக்கு மலைக்கு வடக்கே ஒரு புது இடம் கண்டுபிடிச்சேன்' என்று எத்தனை மாலை மனைவியிடம் சொல்லியிருப்பார்! அந்த இடம் மலைக்குத் தெற்கே அவர் ஏற்கெனவே கண்டுபிடித்த அதே இடம்தானா? ஒரு கொல்லைப்புறத்துக்குள்ளா இத்தனை நாள் தொலைந்துபோயிருந்தார்?

கதவு திறந்தது. இயக்குநர். கழுத்தில் யாரோ போட்ட மாலை. திரையைப் பார்த்தார்.

"இது யாரோட கேம்?"

"நம்மளோடதுதான் சார்," என்றார் புரோகிராமர்.

இயக்குநர் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா ஓடுதே!"

"ஆமா சார்."

"ஏன்?"

"கன்சோல் வெளிய இருக்கு சார். காத்து படுது," என்றார் சுவர்முட்டி.

"அப்போ பனி?"

"சூடு சார்."

"கேடயம் தாமதமா வர்றது? விதி?"

"சூடு சார்."

"மனுஷனோட அடுத்த அடி?"

"அதுவும் சூடுதான் சார்."

இயக்குநர் காலிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், பித்தளைத் தகட்டைப் பார்த்தார், திரையில் தெரிந்த தட்டை மலையைப் பார்த்தார். மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ஜன்னல் அருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று இருவரும் பயந்தார்கள். மணி நாலு நாற்பது.

திரும்பியபோது கறுப்புக் கண்ணாடி பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"தம்பி, இதைப் பிழைன்னு எழுதுங்க."

சுவர்முட்டிக்குக் காதில் தேன் பாய்ந்தது. "எழுதிட்டேன் சார். 'பெட்டிக்குள் காற்றில்லை, கன்சோல் சூடாகிறது' அப்படின்னு..."

"ஐயய்யோ! சூடாகிறது நோக்கம். வெளிய வெச்சா ஒழுங்கா ஓடுது பாருங்க, அதுதான் பிழை."

"ஒழுங்கா ஓடுறது... பிழையா சார்?"

"முதல் தரப் பிழை. ஒன்பது மணி நேரத்தப் பதினோரு நிமிஷமாக்குது. இதைவிடப் பெரிய சேதம் இருக்கா? எழுதுங்க, இப்பவே ஏத்துக்கிறேன்."

புரோகிராமர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். சுவர்முட்டியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சுவர்முட்டிக்கும் அதே கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் இயக்குநர் யோசிப்பார். யோசித்தால் பிழை ரத்தாகும். மணி நாலு ஐம்பத்திரண்டு. கேள்வியை விழுங்கிவிட்டுத் தட்டச்சு செய்தார்: 'பெட்டிக்கு வெளியே வைத்தால் ஆட்டம் சரியாக ஓடுகிறது.' நாலு ஐம்பத்தைந்துக்கு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. பத்தாவது.

ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. கூடவே ஒரு புதுப் பொறுப்பு: கண்ணாடிப் பெட்டி மூடியே இருக்கிறதா என்று தினமும் காலையில் சரிபார்ப்பது. கீல் ஸ்க்ரூவை அவரே இறுக்கினார். கன்சோல் திணறியது, பனி இறங்கியது, பூதம் எழுந்து வந்து அவரைச் சரியான நேரத்தில் கொன்றது. அலுவலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அன்று மாலை மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழாயை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "சரிங்க. வேலை தப்பிச்சுது, நல்லது. ஒண்ணு கேக்கவா?"

"வேணாம்," என்றார் சுவர்முட்டி.

அடுத்த மாதம் விளையாட்டு கடைகளுக்கு வந்தது. வாங்கியவர்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டி இல்லை.